பூட்டுக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் தூள் போதும்

1/ கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டுல சில மருந்துகள் எப்பவும் பூட்டியேதான் இருக்கும். மார்ஃபின் அதில் ஒன்று. ஒரு நைட் டியூட்டியில் நோயாளி வலியில் துடிக்கிறார், சிஸ்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க, பூட்டு அசையல. திறக்கச் சில நிமிஷம் ஆச்சு. வலியில் இருக்கிறவருக்கு அது ரொம்ப நீளமான நேரம்.

2/ பூட்டு பழசு இல்ல. இறுகும்போதெல்லாம் யாரோ நல்ல எண்ணத்தில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்காங்க. சாவித் துவாரத்துக்குள்ள சின்னச் சின்ன பின்களும் ஸ்பிரிங்குகளும் இருக்கு. எண்ணெய் விட்டதும் வழுக்கும். நாளாக நாளாகத் தூசியை இழுத்துப் பிசுக்காகி, அந்தப் பின்களையே ஒட்டிப் பிடிச்சுடும்.

3/ இதுக்கு ஏத்தது கிராஃபைட் தூள். அது சுத்தமான கார்பன். சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அடுக்குக்குள் பிணைப்பு பலம், அடுக்குகளுக்கு இடையில் பலவீனம். அதனால ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஈரம் இல்லாததால் தூசியும் அவ்வளவா ஒட்டாது.

4/ எங்கே கிடைக்கும்? ஹார்டுவேர் கடையில், பூட்டு ரிப்பேர் பண்றவங்ககிட்ட கேளுங்க. நம்ம சிவகங்கை மண்ணிலேயே கிராஃபைட் வெட்டி எடுக்கிறாங்க. கிடைக்கலேன்னா பென்சில் இருக்கே! பென்சில் முனையை ‘லெட்’னு சொன்னாலும் அதில் ஈயம் கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். குழந்தைக்குப் பென்சில் குத்திடுச்சு, ஈய விஷம் ஏறுமான்னு பயந்து ஓடிவர்ற பெற்றோருக்கும் இதே பதில்தான். உள்ளே முனை உடைஞ்சிருக்கான்னு மட்டும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

5/ எப்படிப் போடுவது? 4பி, 6பி மாதிரி மென்மையான பென்சிலை சாவியின் பல்லில் நல்லா தேய்ங்க. உள்ளே விட்டு எடுங்க, நாலஞ்சு தடவை திருப்புங்க. தூள் வாங்கியிருந்தா ஒரு சிட்டிகை போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டுன்னா முதலில் சுத்தம் பண்ணிக் காய வையுங்க. இல்லேன்னா தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாயிடும்.

6/ எச்சரிக்கை:
• கிராஃபைட்டில் மின்சாரம் பாயும். ஸ்விட்ச், பிளக் பக்கம் கூடாது.
• வாயால் ஊதாதீங்க. அந்தத் தூசியைப் பல வருஷம் சுவாசிக்கிற தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வரும்.
• வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தா, அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது, தீப்பிடிக்கும். கிராஃபைட்டும் வேண்டாம்.

7/ இன்னிக்கே வீட்டில் எல்லாச் சாவியையும் ஒருமுறை போட்டுத் திருப்பிப் பாருங்க. பாத்ரூம் தாழ்ப்பாளையும் பாருங்க. வயசானவங்க இருக்கிற வீட்டில், வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் போடுங்க. உள்ளே ஒருத்தர் விழுந்து கிடக்கும்போது கதவோடு போராட நமக்கு நேரம் இருக்காது.