டேப் டெக்கை மட்டும் கழட்டாதீங்க அத்தான்

தாளடி அறுப்பு முடிஞ்சாச்சு. அறுப்புக்கு முன்னாடியே தெளிச்ச உளுந்தும் முளைச்சு நிக்குது. இனி கொஞ்ச நாளைக்கு வயல்ல பெரிய வேலை இல்லை. புது அரிசி குழையும்னு போன வருஷத்து நெல்லை அரைச்சு, இருபத்தஞ்சு கிலோ கட்டிக்கிட்டு மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறினேன். ஆழ்வார்பேட்டையில அத்தான் வீடு. அக்கா போய் ரெண்டு வருஷம் ஆகுது. வருஷத்துக்கு ஒரு தடவை அரிசி கொண்டு போறதை மட்டும் நான் விடலை.

அத்தான் பேங்க்ல இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுன்னா உயிர். மார்கழி வந்தா மியூசிக் அகாடமி, நாரத கான சபான்னு நடந்தே போயிட்டு வந்துடுவார். அக்கா போனப்புறம் அதுவும் நின்னு போச்சு. இந்தத் தடவை கூடத்துல புதுசா ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது. எஸ்ஏசிடி பிளேயராம், பழசு வாங்கினது. விலை நாற்பதாயிரம்னதும் ஒரு ஏக்கர் சாகுபடிச் செலவு கண்ணு முன்னாடி வந்து போச்சு. ஒண்ணும் சொல்லலை. மனுஷன் ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் ஒரு விஷயத்துல ஆசைப்பட்டிருக்கார்.

அவர் விளக்கினதை என் பாஷையில சொல்றேன். வாய்க்கால்ல தண்ணி மட்டத்தை அளக்குறோம்னு வச்சுக்குங்க. 1982-ல கடைக்கு வந்த சிடி, ஒலியோட மட்டத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதி வைக்கும். 1999-ல சோனியும் பிலிப்ஸும் கொண்டு வந்த எஸ்ஏசிடி, விநாடிக்கு 28 லட்சம் தடவைக்கு மேல பார்க்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் ஏறுதா, இறங்குதான்னு மட்டும்தான் குறிச்சுக்கும். சில தட்டுல ரெண்டு அடுக்கும் இருக்கும். சாதா பிளேயர் சிடி அடுக்கை மட்டும் படிக்கும்.

சிக்கல் இணைக்கும்போதுதான் வந்தது. டிவிக்கும் சிடிக்கும்னு அத்தான் தனியா ஒரு டிஜிட்டல் பெட்டி வச்சிருக்கார். அதுல ஆப்டிகல் கேபிளைச் சொருகினார். சிடி அடுக்கு பாடுச்சு. எஸ்ஏசிடி அடுக்குக்கு மாத்தினா சத்தமே இல்லை. பெட்டி கெட்டுப்போச்சோன்னு அவருக்கு வேர்த்துடுச்சு. கையேட்டைப் புரட்டினா விஷயம் இருந்தது. யாரும் நகல் எடுக்கக் கூடாதுன்னு அந்த அடுக்கை ஆப்டிகல் வழியா வெளியே விடவே மாட்டாங்களாம். மதகையே அடைச்சுட்டு வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா எப்படி? பிளேயர்லேருந்து சிவப்பு, வெள்ளை வயரை நேரா ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு போகணும்.

பழைய ஆம்ப்ளிஃபயர்ல நாலே வாசல்: ஃபோனோ, டியூனர், சிடி, டேப். சிடி வாசல்ல டிஜிட்டல் பெட்டி. ஃபோனோ காலியா இருந்தாலும் அதுல போடக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியோட மெல்லிய சத்தத்தைப் பெருக்கறதுக்கானது, இதைப் போட்டா கரகரன்னு சிதறிடும். அத்தான் பின்னாடி கையை விட்டு டேப் டெக் வயரை உருவப் போனார்.

"யாரு மாப்ள இனிமே கேசட் கேட்கிறா?"

எனக்குத் திக்குனு ஆச்சு. அவர்கிட்ட ஒரு கேசட் இருக்கு. 1988-ல, அக்கா பிள்ளை பெத்துக்க ஊருக்கு வந்திருந்தப்ப எங்க வீட்டு முற்றத்துல பதிஞ்சது. அக்கா தாலாட்டு பாடும். நடுவுல எங்கம்மா என்னைத் திட்டுறதும் மாடு கத்துறதும் கேட்கும். அக்கா குரல் வேற எதுலயும் இல்லை.

"டேப்பை விடுங்க அத்தான். ரேடியோ கேட்டு எத்தனை வருஷமாச்சு? டியூனரைக் கழட்டுவோம், ரெண்டு வாசலும் ஒண்ணுதானே"ன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒண்ணும் பேசாம டியூனர் வயரை உருவினார்.

அப்புறம் விஷ்வ மோகன் பட்டும் அமெரிக்காக்காரர் ரை கூடரும் சேர்ந்து வாசிச்ச 'எ மீட்டிங் பை தி ரிவர்' தட்டைப் போட்டார். அதுக்கு முன்னாடி அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சதே இல்லையாம். 1994-ல கிராமி வாங்கினது. கம்பியில விரல் நகர்றது கூடக் கேட்டுச்சு. ரெண்டு அடுக்கையும் மாத்தி மாத்திப் போட்டு, "வித்தியாசம் தெரியுதா?"ன்னார்.

பம்பு செட்டும் டிராக்டரும் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது. பொய் சொல்ல மனசு வரலை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அத்தான், எனக்குப் பிரிக்கத் தெரியலை." அவர் சிரிச்சுட்டார். "எனக்கும் பாதி நேரம் தெரியலை மாப்ள. நல்லாப் பதிஞ்சிருந்தா எதுல கேட்டாலும் நல்லாத்தான் இருக்கும்." அவர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

அன்னிக்கு அவர் கேசட்டைப் போடலை. நானும் கேட்கலை. கிளம்பும்போது, நாடா வீணாகறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கன்னு மட்டும் சொன்னேன்.

நேத்து சாயந்திரம் உளுந்து வயல்ல நிக்கிறப்ப போன் வந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்:

"கேசட் ஓடுது மாப்ள. உங்கம்மா இன்னும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் இருக்காங்க."