கிளமோர்கன் தாய்மார்

வேல்ஸ் நாட்டின் கிளமோர்கன் கவுண்டியை எனக்கு அறிமுகப்படுத்தியவர் கிரிக்கட் பைத்தியமான எங்கள் நானாதான். 1968இல் சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்தது அங்குள்ள சுவான்ஸீ மைதானத்தில். மஜீத் கான் அதன் அணித் தலைவராக இருந்ததையும், 1997இல் வக்கார் யூனுஸோடு அந்த அணி சம்பியனானதையும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டால் அபர்பான் கிராமம்தான் ஞாபகம் வரும். நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவை, ஊற்று ஓடும் மலைச்சரிவில் மலைபோலக் குவித்திருந்தார்கள். 1966 ஒக்டோபர் 21 காலை அது சரிந்து பாடசாலையை மூடியது. 116 பிள்ளைகள், 28 பெரியவர்கள்! பெற்ற வயிறுகள் என்ன பாடு பட்டிருக்கும்?

குற்றம் நிலக்கரிச் சபையுடையது என விசாரணை தீர்த்துச் சொன்னது. ஆனாலும் மீதிக் குவியல்களை அகற்ற, அந்தப் பெற்றோருக்காக ஊர் உலகம் அனுப்பிய நிதியிலிருந்தே 150,000 பவுணை 1968இல் அரசு வற்புறுத்தி வாங்கியது. இது என்ன நியாயம், சொல்லுங்கள்! 1997இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் அதே தொகையை மட்டும்.

நானா கொண்டாடும் அதே வருடம். அவரிடம் சொன்னேன்.

"இது எனக்குத் தெரியாதே, தங்கச்சி" என்றார்.