பொட்டிக்குள்ள ஒரு தியேட்டர்

"ப்ளூ-ரே பாக்கறதுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்? ஒரு ப்ளேயரை வாங்கி டிவிக்குக் கீழ வெச்சா வேலை முடிஞ்சுது!" இதை என்கிட்ட சொல்லாத ஆளே இல்லை. ஆபீஸ் நண்பர், மச்சான், தங்கமணி எல்லாரும் தனித்தனியா சொல்லியாச்சு. நியாயமான கேள்விதான். அதனால வாங்கப் போற பொட்டியைப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி, ஏன் பொட்டின்னு சொல்லிடறேன்.

வீட்டுல எழுபது ப்ளூ-ரே இருக்கு. அமெரிக்காவுல இருக்கற அத்தை பையன் அப்பப்ப கொண்டுவந்து கொடுத்த டிவிடி ஒரு அட்டைப்பெட்டி நிறைய. கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்ல. இதெல்லாம் ஒரே இடத்துல ஓடணும். இது முதல் காரணம்.

ரெண்டாவது காரணம் எங்கப்பா. மவுண்ட் ரோடு சாந்தியிலயும் ஆனந்த்லயும் படம் பாத்து வளர்ந்த மனுஷன். இப்ப வயசு 76, காது மந்தம். "பாட்டு மட்டும் காதைப் பொளக்குது, பேசறது ஒண்ணும் புரியலைடா"ன்னு சொல்லிட்டு இருந்தார். இப்பல்லாம் அதுகூட சொல்றதில்லை. படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல "நீங்க பாருங்க, எனக்குத் தூக்கம் வருது"ன்னு எழுந்து உள்ள போயிடறார். மணி ஏழரைதான் ஆகியிருக்கும்.

இதுல ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கு மக்களே. 5.1 ஒலியில வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். டிவியில இருக்கறதோ ரெண்டு குட்டி ஸ்பீக்கர். ஆறு தடத்தையும் கலக்கி அந்த ரெண்டுல ஊத்தும்போது வசனமும் வயலினும் வெடிச்சத்தமும் ஒரே சாம்பார். சவுண்டைக் கூட்டினா எல்லாமே சேந்து கூடும். அதுவே ஒரு ரிசீவரும் தனியா ஒரு நடு ஸ்பீக்கரும் இருந்தா, அந்த ஒண்ணை மட்டும் தூக்கி வைக்கலாம். அப்பாவுக்கு வேண்டியது இதுதான். ரிசீவர் நண்பர் ஒருத்தர்கிட்டேருந்து பழசா வருது. பொட்டியிலேயே ஒலியைப் பிரிச்சு, எச்.டி.எம்.ஐ. வழியா தனித்தனித் தடமா அனுப்பிட்டா, அந்தப் பழைய ரிசீவருக்கு டால்பி ட்ரூஎச்டி எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில விசாரிச்சேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "சார், என்ன கிராபிக்ஸ் கார்டு போடலாம்? ஹெச்டி படம்னா கார்டு இல்லாம ஓடாது சார்."

அவர் சொன்னது ஒரு காலத்துல உண்மைதான். 2006-ல ப்ளூ-ரேவும் எச்டி-டிவிடியும் வந்தப்போ (2008 பிப்ரவரியில தோஷிபா கையைத் தூக்கினதோட எச்டி-டிவிடி கதை முடிஞ்சுது) எச்.264 முறையில சுருக்கின படத்தைப் பிரிக்கறதுக்குள்ள அன்னிக்கு இருந்த பிராசஸர்களுக்கு நாக்கு தள்ளிடும். ப்ளூ-ரேவுல படம் மட்டுமே செகண்டுக்கு 40 மெகாபிட் வரைக்கும் வரலாம். அப்பதான் 2007-ல என்விடியா, ஏடிஐ ரெண்டு பேரும் அந்த வேலையை கார்டே செய்யற மாதிரி கொண்டுவந்தாங்க. இதுல ஒரு வேடிக்கை. அன்னிக்கு ராஜாவா இருந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டுல அந்த முழு வசதி கிடையாது. அதுக்குப் பிறகு வந்த, விலை குறைஞ்ச 8600-ல இருந்துது! காசு ஜாஸ்தி கொடுத்தவனுக்குப் படம் பாக்கறதுல ஒரு சலுகையும் இல்லை. இந்தக் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

இன்னிக்கு நிலைமை வேற. 2023-ல வந்த இன்டெல் என்100 மாதிரி 6 வாட் சிப்பே 1080 படத்தைக் கொட்டாவி விட்டுக்கிட்டே ஓட்டிடும். அதனால கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பெரிய கும்பிடு. பணம் மிச்சம்ங்கறதை விட, ஒரு விசிறி மிச்சம். ஹால்ல வைக்கற பொட்டிக்கு வேகத்தை விட அமைதிதான் முக்கியம். ஏற்கனவே காது மந்தமா இருக்கறவர் பக்கத்துல 'உய்ய்ய்'னு ஒரு விசிறி ஓடினா, எல்லாம் விழலுக்கு இறைச்ச நீர்தான்.

அடுத்தது டிரைவ். "16எக்ஸ் சார்"னு டப்பாவைத் தட்டிக் காட்டுவாங்க. ப்ளூ-ரேவுல 1எக்ஸ்னா செகண்டுக்கு 36 மெகாபிட். படமும் ஒலியும் எல்லாம் சேத்து உச்சமே 54 மெகாபிட்தான். அப்ப 2எக்ஸ் இருந்தாலே தாராளம். மீதி பதினாலு எக்ஸும் டிஸ்க்ல எழுதறவங்களுக்கும் காப்பி பண்றவங்களுக்கும். பாக்க வேண்டியது வேற: இப்ப வர்ற கேபினெட் பலதுல டிரைவ் வைக்க 5.25 அங்குல இடமே கிடையாது. இடம் இருக்கற கேபினெட்டா தேடணும், இல்லைன்னா யுஎஸ்பியில சொருகற ஒல்லி டிரைவ். நான் இடம் இருக்கறதைத்தான் தேடறேன், அதுவும் ரெண்டு டிரைவுக்கு.

ஏன் ரெண்டு? டிவிடியில ரீஜன் பூட்டு உண்டு. அமெரிக்கா 1, நாம 5. நம்ம படங்கள் பலதும் பூட்டு இல்லாம வந்தது, ஆனா ஹாலிவுட்காரங்க விடமாட்டாங்க. டிரைவோட ரீஜனை அஞ்சு தடவைதான் மாத்தலாம், அப்புறம் கடைசியா வெச்சதுலயே நின்னுடும். பழைய டிவிடி டிரைவ் ஒண்ணை 1-லயே நிறுத்திட்டா அத்தை பையன் டிஸ்க் எல்லாம் அதுல ஓடும். ஒரு ப்ளேயர்ல இந்த வித்தையைக் காட்ட முடியாது. ப்ளூ-ரேவுக்குப் பிரிவு வேற. ஏ, பி, சின்னு மூணு. நம்மூர் சி. அந்தப் பூட்டு டிரைவ்ல இல்லை, ஓட்டற மென்பொருள்ல இருக்கு.

மென்பொருள்னதும் இன்னொண்ணு. விஎல்சி இருக்கே, இலவசமா ஓட்டிடலாம்னு நினைப்போம். கடையில வாங்கற ப்ளூ-ரே எல்லாம் பூட்டு போட்டது. விஎல்சி கூட சாவி வராது. உரிமம் வாங்கின மென்பொருளுக்குத் தனியா காசு ஒதுக்கணும். அதுவும் புது டிஸ்க் வர வர அப்டேட் கேட்கும். பட்ஜெட் போடறப்ப முதல்லயே இதை எழுதிக்கோங்க.

கவனிக்க வேண்டிய இன்னொரு சமாச்சாரம் 24. சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம். ப்ளூ-ரேவுல பெரும்பாலும் 23.976. பொட்டி அதே கணக்குல டிவிக்கு அனுப்பணும். 2011-ல வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜ் 23.976-க்குப் பதிலா முழு 24-ஆ அனுப்பிச்சு. வித்தியாசம் தம்மாத்தூண்டு. ஆனா சுமார் 40 செகண்டுக்கு ஒரு தடவை படம் ஒரு விக்கல் விக்கும். ஒரு தடவை கண்ணுல பட்டுட்டா அப்புறம் அதைத்தவிர வேற எதுவும் தெரியாது. அதனால செகண்ட் ஹாண்ட்ல மலிவா கிடைக்குதுன்னு அந்தக் காலத்துப் பொட்டி மட்டும் வேண்டாம்.

இப்ப முக்கியமான இடம். 4கே டிஸ்க்.

2016-ல 4கே ப்ளூ-ரே வந்துது. 100 ஜிபி வரைக்கும் கொள்ளளவு, ரீஜன் பூட்டு கிடையாது, கேக்கவே ஜோரா இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல ஓட்டறதுக்கு ஒரு நிபந்தனை போட்டாங்க. இன்டெல் பிராசஸருக்குள்ள எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு கருவறை. உள்ள நடக்கறதை விண்டோஸ் கூட எட்டிப் பாக்க முடியாது. டிஸ்க்கோட பூட்டை அந்தக் கருவறைக்குள்ளதான் திறக்கணும். 7-லேருந்து 10-ம் தலைமுறை வரைக்கும் இருந்த இன்டெல்லுக்கு மட்டும்தான் அனுமதி. ஏஎம்டிக்கு இல்லை. பல்லாயிரம் கொடுத்து வாங்கின கிராபிக்ஸ் கார்டு வழியாவும் இல்லை. பிராசஸரோட சொந்த கிராபிக்ஸ்லேருந்துதான் படம் போகணும். மதர்போர்டு, ரிசீவர், டிவி எல்லாத்துலயும் எச்.டி.சி.பி. 2.2 வேணும்.

சரி, இவ்வளவும் பண்ணியாச்சு. அப்புறம் என்ன ஆச்சு? 11, 12-ம் தலைமுறையில இன்டெல் வீட்டு பிராசஸர்கள்லேருந்து எஸ்ஜிஎக்ஸையே தூக்கிடுச்சு. பவர்டிவிடி மென்பொருள்காரங்க 2022 வாக்குல சொன்ன யோசனை என்ன தெரியுமா? பழைய பிராசஸரையே வெச்சுக்கோங்க, விண்டோஸ் 11-க்கு மாறாதீங்க, இன்டெல் டிரைவரையும் புதுப்பிக்காதீங்க! விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. ஆக, காசு கொடுத்து நியாயமா டிஸ்க் வாங்கினவன், ஓட்டையை அடைக்காத பொட்டியை வெச்சுக்கிட்டு ராத்திரி காவல் காக்கணும். 8800 கதை ஞாபகம் இருக்கா? அதேதான். இன்னிக்குக் கடையில இருக்கறதுலேயே விலை ஜாஸ்தியான பொட்டியை வாங்கினாலும் இந்த டிஸ்க் ஓடாது.

எனக்குக் கோபம் டிஸ்க் ஓடலைங்கறதுல இல்லை. அலமாரியில இருக்கறது என்னுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். பூட்டு அவங்களோடது, சாவி அவங்களோடது, சாவித்துவாரம் எந்த வருஷம் இருக்கும் எந்த வருஷம் இருக்காதுன்னு முடிவு பண்றதும் அவங்க. நம்முது வெறும் அட்டைப்பெட்டி.

அதனால என் முடிவு: இந்தப் பொட்டியில 4கே டிஸ்க் ஆசையே கிடையாது. 1080 ப்ளூ-ரே, டிவிடி, குடும்ப வீடியோ, இவ்வளவுதான் அதுக்கு வேலை. சாதாரண சிப், விசிறி குறைஞ்ச கேபினெட், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ரெண்டு டிரைவ், கார்டு கிடையாது. என்னைக்காவது 4கே டிஸ்க் வாங்கினா மச்சான் சொன்ன மாதிரி தனி ப்ளேயர்தான். (மச்சான், இதைப் படிச்சா மொத்தமா ஜெயிச்சுட்டதா நினைக்க வேண்டாம்!) இதனால மிச்சமான காசு மொத்தமும் நடு ஸ்பீக்கருக்கு. பாக்கறவங்க திரையைத்தான் மெச்சுவாங்க, பரவாயில்லை. ஏழரை மணிக்கு எழுந்து உள்ள போறவரை ஒம்பது மணி வரைக்கும் உக்கார வைக்கப் போறது 4கே இல்லை, நாலு டெசிபல்தான்.

டிஸ்கி: "என்ன படம்ப்பா முதல்ல போடலாம்?"னு கேட்டேன். "எதை வேணா போடு, சண்டைப் படம் மட்டும் வேண்டாம். நல்லா பேசற படமா போடு"ன்னார்.