உம்மாவின் முழங்காலும் ஒரு சூரண டப்பாவும்



நோயாளியின் தொழுகை பற்றிய பாடத்தை மத்ரஸாவில் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. மாணவர்கள் அதைத் தடையின்றி ஒப்பிப்பார்கள். எம் இல்லத்திலோ, மூட்டுத் தேய்மானத்தால் வருந்திய உம்மா நாற்காலியில் தொழ மறுத்து வந்தார். "நெற்றி தரையில் படாட்டி ஸஜ்தா செஞ்ச மாதிரியே இல்ல வாப்பா" என்பார். ஃபஜ்ரில் அவர் சுவரைப் பற்றி எழும் முனகல் அடுத்த அறையில் இருக்கும் எமக்குக் கேட்கும்.

வலி மாத்திரை அவருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்நாளில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வெளியே ஒருவர் மூலிகைச் சூரணம் விற்றுக்கொண்டிருந்தார். டப்பாவின் மீது கருஞ்சீரகத்தின் சிறப்பைக் கூறும் நபிமொழி அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு மேல் எதையும் நாம் ஆராயவில்லை. வாங்கிவந்து கொடுத்தோம். பத்தே நாளில் உம்மா சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். மகிழ்ச்சியில் வகுப்பிலும் சொன்னோம். உஸ்தாத் சொன்னதாயிற்றே என்று மூன்று மாணவர்களின் வீடுகளிலும் அதை வாங்கினார்கள்.

இரண்டாம் மாதத்தில் உம்மாவின் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. மருத்துவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். சேர்மானப் பட்டியலும் இல்லை; உரிம எண்ணும் இல்லை. ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று அவர் ஐயுற்றார். அத்தகைய மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், தம் கண்காணிப்பிலேயே படிப்படியாக விடுவித்தார். அன்று மாலையே அம்மூன்று வீடுகளின் படியேறி, மருத்துவரிடம் உடனே செல்லுமாறு கூறினோம். எம் வாழ்வில் அவ்வளவு தலைகுனிந்து நின்ற பொழுது வேறில்லை. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்தால் அதன் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதையும் நாம் பாடமாக நடத்தியவர்கள்தாம்.

இதனால் மூலிகைகளே பொய் என்று கொள்ள வேண்டாம். குந்திரிக்கப் பிசினிலுள்ள பாஸ்வெலிக் அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் ஒரு நொதியைத் தடுக்கின்றன. 2014ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, செறிவூட்டிய குந்திரிக்கச் சாறு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உண்டவர்களுக்கு, 90 நாளில், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட வலி 100க்கு 17 புள்ளி அளவில் குறைந்திருந்ததாகக் கூறுகிறது. அது வலியைத் தணிக்கும். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்த்துவிடும் என்பதற்குச் சான்றில்லை.

மஞ்சளிலுள்ள குர்குமினும் அழற்சியைத் தணிக்கவல்லது. ஆயினும் மஞ்சள்தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. உடலும் அதை எளிதில் ஏற்பதில்லை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ஏற்பு பன்மடங்கு கூடும் என்பதை 1998இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்று காட்டியது. அதே மிளகுச் சத்து வேறு மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடலாம். எனவே இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் மஞ்சள் சாறு மாத்திரைகளைத் தொடக்கூடாது. குழம்பில் இடும் மஞ்சளும் ரசத்தில் சேரும் முடக்கத்தான் கீரையும் உணவு. செறிவூட்டிய சாறோ மருந்து. மருந்துக்குரிய எச்சரிக்கை அதற்கும் வேண்டும்.

கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியை நாம் முழுமனத்தோடு நம்புகிறோம். அந்நம்பிக்கை நபி (ஸல்) அவர்கள் மீது கொண்டது. டப்பா விற்பவர் மீது கொண்டதன்று. நம் நாட்டில் விற்பனைக்கு வரும் சித்த, யூனானி, ஆயுர்வேத மருந்துகளில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், சேர்மானம் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவில் எந்தப் புனித வாசகம் இருந்தாலும் அதை வாங்காதீர்கள். ஓரிரு நாளில் வலி மாயமாய் மறைந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். முறையாகப் பயின்ற சித்த, யூனானி மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் செல்லுங்கள்.

இப்போது உம்மா நாள்தோறும் தொடைத் தசைக்கான பயிற்சிகளைச் செய்கிறார். வலி முற்றிலும் போகவில்லை, முன்னிலும் குறைவு. ஒரு நாள் அவர் அருகே அமர்ந்து, மகனாக அன்றி மாணவனாக, இம்ரான் (ரலி) அவர்களின் செய்தியை மீண்டும் வாசித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தவர், "அந்த நாற்காலியக் கொண்டா வாப்பா" என்றார். ருகூவுக்குச் சிறிது குனிந்து, ஸஜ்தாவுக்கு அதனினும் தாழக் குனிந்து அஸர் தொழுதார். அன்று முனகல் கேட்கவில்லை. தஸ்பீஹ் மட்டுமே கேட்டது.

நோயுற்ற நம் பெற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக. அறியாததை அறிந்தவர் போல் சொல்வதிலிருந்து எம்மையும் காப்பானாக. ஆமீன்.