காலைப் பாரு

தேங்காயெண்ணெய் தேய்த்த பிரம்பின் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு மலேசியாவின் சிம்பாங் பூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமும், சுண்ணாம்பு மலைகளின் மேல் இறங்கும் மஞ்சள் வெயிலும், ஒட்டுப்பால் நாற்றம் கையைவிட்டுப் போகாத தாத்தாவும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் சிலம்பக் கம்பெடுப்பார், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “காலைப் பாரு” என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார், கங்காணி மகனையே மாசக்கணக்கில் தண்ணீர் தூக்க வைத்துவிட்டுத்தான் கம்பைத் தொடவிட்டார். பெண்பிள்ளை என்றால் பேச்சே கிடையாது, என் அத்தை லயத்துச் சன்னலில் நின்று பார்த்தே காலடி படித்து, அடுப்படியில் விறகுக்கட்டையை வீசிக் காட்டுவாள். கடைசிப் பூட்டுகள் சிலவற்றைத் தாத்தா யாருக்கும் சொல்லித் தரவில்லை, அவரோடு போய்விட்டன. பக்கத்துத் தோட்டத்து ஆசானுக்கு வேறு வீச்சு, வேறு சலாம், இருவரும் சாகும்வரை ஒருவரையொருவர் மட்டம் தட்டினார்கள், தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் ஈப்போவில் பள்ளிக்கூட நாட்கள், வெள்ளைச் சட்டையும் வியர்வை நாற்றமுமாக டேக்வாண்டோ பழகும் நண்பர்கள். 1962-இல் மலாயாவுக்குக் கொரியத் தூதராக வந்த சோய் ஹோங் ஹி அந்தக் கலையை இங்கே ஊன்றியவர், 1966-இல் உலகச் சங்கம் கண்டார், 1973-இல் சியோலில் இன்னொரு சங்கம் முளைத்தது, 2000-இல் சிட்னி ஒலிம்பிக் பதக்கம் இரண்டாவதன் பிள்ளைகளுக்குத்தான் போனது. கலை ஒன்று, முத்திரை இரண்டு, எந்தக் கொடிக்குக் கீழே உதைத்தாய் என்பதே கேள்வியாயிற்று.

சிலம்பத்துக்கும் காகிதம் வந்தது. மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி சங்கம் என்றால் விளையாட்டு ஆணையரிடம் பதிய வேண்டும், பதியாத சங்கத்தின் ஆசான் எத்தனை பெரியவரானாலும் பிள்ளைகளைத் தேசியப் போட்டிக்கு அழைத்துப்போக முடியாது. தமிழ்நாட்டிலும் 2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக ஏறியது, அமைப்பு இல்லாமல் அந்த மேடை கிடைத்திருக்காது. (தாத்தாவைப் பாரம் நிரப்பச் சொல்லியிருந்தால் கம்பால்தான் பதில் வந்திருக்கும்.)

இப்போது மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு, வாசனைத் திரவம் போட்டுத் துடைத்த தரை, குழல்விளக்கு வெளிச்சம், எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே சலாம். தொட்டால் புள்ளி என்பதால் பிள்ளைகள் எதிராளியின் காலைப் பார்ப்பதில்லை, நடுவரின் கையைப் பார்க்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தலைக்கவசம் இருக்கிறது, வரிசையில் பாதிப் பேர் பெண்பிள்ளைகள், தண்ணீர் தூக்கச் சொல்ல யாருமில்லை, இதற்கு மேல் தாத்தா பக்கம் பேச என்னால் முடியவில்லை.

பழைய காலடி ஒன்றை மாஸ்டரிடம் சொன்னேன். “அது சிலபஸ்ல இல்லீங்க ஐயா,” என்றார், கொஞ்சம் யோசித்து, “சும்மா ஆடிக் காட்டுங்க, போன்ல எடுத்துக்கிறேன்.” மூட்டு வலியோடு காட்டினேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார், அத்தை என்றேன்.