சாமல்பட்டியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ

"பதினாறு மணி நேரம்தானாமே! இங்கேருந்து பெங்களூர் ஏர்போர்ட் போய்ச் சேரவே பாதி நாள் ஓடிடுது. பூமியோட அந்தக் கோடிக்கு அவ்வளவுதானா?"

பக்கத்து வீட்டு அக்காவின் கேள்வி இது. 2023-ல் மகளின் பிரசவத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பிக் கொண்டிருந்தார். ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் இருக்கும் எங்கள் சாமல்பட்டியில், தூரம் என்றால் ரயில் கணக்குதான்!

ஒரு சாத்துக்குடியை எடுத்து, இரண்டு ஊர்களையும் மையால் புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். நூல் வட துருவத்துக்குப் பக்கமாகப் போனது. அதுதான் குறுக்கு வழி. சுமார் 14,000 கிலோ மீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் நால்வர், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகவே பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். பதினேழு மணி நேரப் பயணம்! 9-ம் தேதி இரவு கிளம்பி 11-ம் தேதி விடியற்காலை இறங்கினார்கள். அங்கே 9-ம் தேதி இரவு என்றால் நமக்கு 10-ம் தேதி காலை ஆகிவிடுகிறதே!

ஆனால் எல்லா நாளும் நூல் பிடித்தாற்போல் பறப்பதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. இங்கிருந்து போகும்போது பசிபிக் கடல் மேலாகப் போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

அக்காவின் விமானம் மத்தியானம். வீட்டில் கார் ஏறியதோ விடியற்காலை 5 மணிக்கு! மத்தூர், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர் என்று ஓடிய கார், அத்திப்பள்ளி தாண்டியதும் ஊர ஆரம்பித்தது. விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாமோ தெற்கிலிருந்து போகிறவர்கள். பெங்களூரை முழுசாகக் கடந்தாக வேண்டும். (ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. பேத்தியின் பிரசவத்துக்காவது உதவட்டும்!) வாசற்படி தாண்டியதிலிருந்து மகள் வீட்டுப் படி ஏறும்வரை கணக்குப் போட்டால், ஒரு முழு நாளுக்கும் மேல்.

அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. எனக்குக் கவலை அதுதான். மத்தியானம் ஏறினால் அதே தேதி சாயங்காலம் இறங்குகிறார்கள். மாத்திரையை எந்தக் கணக்கில் போடுவது? முன்கூட்டியே டாக்டரைக் கேட்டதில், "கடிகாரத்தைப் பார்க்காதீங்க, இடைவெளியைப் பாருங்க" என்றார். ஆகவே கையில் இரண்டு வாட்ச்! மாத்திரைகள் பெரிய பெட்டியில் போகாமல், மருந்துச் சீட்டோடு கைப்பையில். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், அவ்வப்போது எழுந்து நடந்தார், உட்கார்ந்த இடத்திலும் பாதங்களை ஆட்டிக் கொண்டார், தண்ணீர் குடித்தார்.

இறங்கியதும் ஒரு வாட்ச்சை அந்த ஊர் நேரத்துக்கு மாற்றினார். மற்றதை மகள் வீட்டில் இருந்த நாள் பூராவும் மாற்றவே இல்லை. "உங்க மாமா எழுந்தாரா, சாப்பிட்டாரான்னு தெரிய வேணாமா?" என்றார் போனில்.