தாஜ்மகாலைப் படம் பிடித்தல்

டில்லிவாழ் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், ஆக்ரா யாத்திரை தவறாமல் நிகழும். ஆக்ரா கண்டோன்மெண்ட் நிலையத்தில் காலையில் இறங்கி, மாலையில் வீடு திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். திரும்பும்போது எல்லார் கையிலும் படங்கள் இருக்கும், “நேரில் மலைபோல் நின்ற மாளிகை படத்தில் பொம்மையாகிவிட்டதே!” என்ற மனக்குறையும் உடன் வரும். அதன் காரணத்தைத் தாஜ்மகாலே நமக்குக் கற்பிக்கிறது.

செங்கல் நிறக் கற்களாலான பெரிய நுழைவாயிலில் வழிகாட்டிகள் ஒரு வேடிக்கை காட்டுவர். வாயில் வளைவினூடே தாஜ்மகாலைப் பார்த்தவாறே பின்னோக்கி நடக்கச் சொல்வர். நடக்க நடக்க மாளிகை பெரிதாவதுபோல் தோன்றும், முன்னேறினால் சிறிதாகும். இது மாயமன்று. வளைவு சில அடி தூரத்தில் உள்ளது. மாளிகையோ ஏறத்தாழ 300 மீட்டருக்கு அப்பால். நாம் பத்தடி பின்வாங்கினால் அருகிலுள்ள வளைவு வெகுவாகச் சிறுக்கும். தொலைவிலுள்ள மாளிகை அநேகமாக அப்படியே இருக்கும். ஆகவே வளைவுடன் ஒப்பிடுங்கால் மாளிகை பெருத்துத் தோன்றுகிறது.

படக்கலையின் அடிப்படை விதியும் இதுவே. முன்னுள்ளது எவ்வளவு பெரிது, பின்னுள்ளது எவ்வளவு சிறிது என்பதை நிர்ணயிப்பது நாம் நிற்கும் இடம். அவ்விடத்திலிருந்து எவ்வளவு காட்சியைப் படத்துக்குள் கொள்வது என்பதே லென்ஸின் வேலை. 28 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 75 பாகையைக் கொள்ளும், 50 மி.மீ. லென்ஸ் சுமார் 47 பாகை, 85 மி.மீ. சுமார் 28 பாகை. அகன்ற லென்ஸ் நம்மை அருகே இழுக்கிறது. நீண்ட லென்ஸ் தூரப் போகச் சொல்கிறது.

நுழைவாயிலைக் கடந்து, தோட்டத்தின் தொடக்கத்தில் குடும்பத்தினரை நிறுத்துங்கள். 28 மி.மீ. லென்ஸுடன் 2 மீட்டர் தூரத்தில் ஒரு படமும், 85 மி.மீ. லென்ஸுடன் 6 மீட்டர் தூரத்தில் ஒரு படமும் எடுங்கள். இரண்டிலும் மனிதர் ஒரே அளவில் இருப்பர். மாளிகையோ இரண்டாம் படத்தில் மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும்! முழு உருவமும் வேண்டுமென்றால் கோபுரம் வெட்டுப்படும். இடுப்பளவு போதுமென்றால் இரண்டும் அடங்கும்.

இன்று பலரிடமும் உள்ள கைபேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையான அகன்ற வகையே. ஆதலால்தான் தாஜ்மகால் பொம்மையாகிறது. முதலில் பத்தடி பின்னே செல்லுங்கள்; பிறகு இரண்டு அல்லது மூன்று மடங்குப் பெருக்கத்தைத் தொடுங்கள். பின்வாங்காமல் பெருக்கினால் பயனில்லை; முகமும் மாளிகையும் சேர்ந்தே பெருக்கும்.

அகன்ற லென்ஸுக்கும் தனிச்சிறப்பு உண்டு. மேடைமீது நின்று சலவைக்கல்லின் பூவேலையை முன்னிறுத்தி, சுவர் முழுவதையும் காட்ட அதுவே ஏற்றது. ஆனால் காமிராவை அண்ணாந்து பிடித்தால் நான்கு மினார்களும் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். அவை உண்மையில் சற்றே வெளிப்புறம் சாய்வாகக் கட்டப்பட்டவை! படத்தின் ஓரத்தில் நிற்கும் குழந்தையின் முகமும் இழுபட்டு அகலமாகும். 1666இல் மறையும்வரை ஷாஜஹான் சிறையிருந்த ஆக்ரா கோட்டையிலிருந்து நோக்கினால், யமுனைக்கரையில் தாஜ்மகால் சிறிதாகத் தெரியும். அங்கு 200 மி.மீ. லென்ஸ், 28 மி.மீ. லென்ஸைக் காட்டிலும் ஏழு மடங்கு பெரிதாக அதனைக் காட்டும்.

இவ்வளவும் எதற்காக? ஊரில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி ஆக்ராவுக்கு வரப்போவதில்லை. நாம் அனுப்பும் படமே அவருக்குத் தாஜ்மகால்; அதிலுள்ள முகமே அவருக்கு இவ்வாண்டின் பேரன். மாளிகை நேரில் நின்ற பெருமையோடு தெரியவேண்டும். பேரன் முகமும் உள்ளபடி தெரியவேண்டும். பத்தடி பின்வாங்கும் சிரமத்தில் இரண்டும் கைகூடும். கோபுரம் சிறிது வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. பாட்டி முதலில் தேடுவது கோபுரத்தை அன்று.